மக்தபும் தொடக்கப் பள்ளியும்: சிறார் ஒழுக்கப் பயிற்சியில் பிரம்பின் இடம்

குழந்தை என்பது பெற்றோரிடம் அல்லாஹ் ஒப்படைத்த அமானிதம். அந்த அமானிதத்தின் ஒரு பகுதியைப் பெற்றோர் நாள்தோறும் சில மணி நேரம் ஆசிரியரிடம் ஒப்படைக்கின்றனர். ஒப்படைக்கப்பட்ட பொருளைப் பெற்றபடியே திருப்பித் தருவது அமானிதத்தின் பொது விதி. ஆனால் ஆசிரியரிடம் ஒப்படைக்கப்படும் இவ்வமானிதமோ பெற்றதைவிடச் சிறந்த நிலையில் திருப்பித் தரப்பட வேண்டிய ஒன்று. ஆகவே அதன் பொறுப்பு இரு மடங்காகிறது.

நம் ஊர்களில் ஐந்து வயது முதல் பத்து வயது வரையுள்ள ஒரு முஸ்லிம் பிள்ளை ஒவ்வொரு நாளும் இரண்டு ஆசிரியர்களின் முன் அமர்கிறது. பகலில் தொடக்கப் பள்ளியில் வகுப்பாசிரியர் முன்னும், காலையிலோ மாலையிலோ மக்தபில் உஸ்தாதின் முன்னும் அமர்கிறது. பிள்ளை ஒன்றுதான், அதன் குறும்பும், சோர்வும், ஆர்வமும் ஒன்றுதான். எனினும் இவ்விரு இடங்களிலும் அது நடத்தப்படும் விதம் பல ஊர்களில் வேறு வேறாக உள்ளது. பள்ளியில் மறைந்துவரும் பிரம்பு சில மக்தபுகளில் இன்னும் மறையவில்லை. கண் இரண்டை மட்டும் விட்டுவிட்டுத் தோலை உரித்துவிடுங்கள் என்று சொல்லிப் பிள்ளையை ஒப்படைத்த பெற்றோர் முந்தைய தலைமுறையில் பலர். உஸ்தாதின் அடி பட்ட இடத்தை நரகம் தீண்டாது என்றொரு பேச்சும் மக்களிடையே வழங்கி வருகிறது. இதற்கு ஆதாரபூர்வமான ஹதீஸ் எதுவும் இல்லை. ஆயினும் ஹதீஸைப் போலவே இது மேற்கோள் காட்டப்படுகிறது.

ஆகவே, சிறுவர்களை ஒழுக்கத்திற்குக் கொண்டுவரும் வழி குறித்து நம் மார்க்க மூலங்களும், அவற்றைக் கற்ற அறிஞர்களும் உண்மையில் என்ன கூறினர் என்பதைச் சற்று விரிவாக நோக்குவது பயனுடையதாகும்.

அதப் என்னும் சொல்

அரபியில் ஒழுக்கத்தைக் குறிக்கும் சொல் 'அதப்'. ஒழுக்கம் பயிற்றுவித்தல் 'தஃதீப்'. சிறார்களுக்குக் கற்பிப்பவரை 'முஅத்திப்' என்றே அக்காலத்தவர் அழைத்தனர். இச்சொல்லின் வேரை ஆராயும் அகராதி ஆசிரியர்கள், விருந்துக்கு அழைத்தல் என்னும் பொருளையும் அதே வேரில் காண்கின்றனர். விருந்து 'மஃதுபா' எனப்படுவது இதனால்தான். நற்பண்புகளின்பால் மக்களை அழைப்பதால் அதற்கு 'அதப்' எனப் பெயர் வந்தது என்பது அவர்கள் தரும் விளக்கம். அழைப்பு என்றால் அதில் இனிமை வேண்டும். விருந்துக்கு யாரும் பிரம்பைக் காட்டி அழைப்பதில்லை.

தமிழிலும் இதற்கு இணையான நுட்பம் உண்டு. 'ஒழுக்கம்' என்பது 'ஒழுகு' என்னும் வினையடியிற் பிறந்தது. நீர் ஒழுகுவது போல் இடையறாது நிகழும் நடத்தையே ஒழுக்கம். ஆசிரியர் பார்க்கும்போது மட்டும் நிகழ்வது ஒழுக்கம் ஆகாது; அது அச்சம். அச்சத்தின் காரணம் நீங்கியதும் அதன் விளைவும் நீங்கிவிடும். உஸ்தாது வெளியே சென்றதும் வகுப்பில் எழும் கூச்சலே இதற்குப் போதிய சான்றாகும்.

நபிவழியில் சிறுவர்களின் தவறுகள்

பெருமானார் (ஸல்) அவர்களின் முன் சிறுவர்கள் தவறு செய்த நிகழ்ச்சிகள் சில ஹதீஸ் நூல்களில் பதிவாகியுள்ளன. அவற்றுள் ஒன்று ராஃபிஉ இப்னு அம்ரு அல்-கிஃபாரீ (ரலி) அவர்கள் தம் சிறுவயதைப் பற்றிக் கூறியதாகும். அவர் அன்சாரிகளின் பேரீச்ச மரங்களின்மீது கல்லெறிந்து வந்தார். பிடித்துப் பெருமானாரிடம் கொண்டுவந்தனர். பெருமானார் முதலில் செய்தது, ஏன் எறிந்தாய் என்று வினவியதுதான். உண்பதற்காக எறிந்ததாகச் சிறுவர் கூறினார். கல்லெறிய வேண்டாம் என்றும், கீழே விழுந்து கிடப்பவற்றை உண்ணுமாறும் பெருமானார் அறிவுறுத்தி, அவரது தலையைத் தடவி, அவர் வயிறு நிறையுமாறு துஆச் செய்தனர். இது அபூதாவூத், திர்மிதீ, இப்னு மாஜா ஆகிய நூல்களில் இடம்பெற்றுள்ளது.

இந்நிகழ்ச்சியின் படிநிலைகளை ஆசிரியர்கள் கவனிக்க வேண்டும். முதலாவது, காரணம் கேட்கப்பட்டது. இரண்டாவது, தவறான செயல் தெளிவாகத் தடுக்கப்பட்டது. மூன்றாவது, அச்செயலுக்குப் பின்னிருந்த தேவைக்கு, அதாவது பசிக்கு, நேரான வழி காட்டப்பட்டது. நான்காவது, அன்பு உடலால் உணர்த்தப்பட்டது, ஐந்தாவதாகப் பிரார்த்தனை. மரத்துக்கு உரியவர்களின் உரிமையும் காக்கப்பட்டது. சிறுவனின் மானமும் காக்கப்பட்டது. பசியைக் கேட்டறியாமல் அடித்திருந்தால் கல்லெறிதல் நின்றிருக்கலாம், பசி நின்றிராது. அடுத்த நாள் யாரும் பாராத வேளையில் அதே கல் மீண்டும் பறந்திருக்கும்.

உமர் இப்னு அபீஸலமா (ரலி) அவர்கள் பெருமானாரின் பராமரிப்பில் வளர்ந்த சிறுவர். உண்ணும்போது அவரது கை தட்டின் எல்லாப் பக்கங்களிலும் அலைந்தது. பெருமானார் கையைத் தட்டிவிடவில்லை. பிஸ்மில்லாஹ் சொல்லுதல், வலக்கையால் உண்ணுதல், தமக்கு அருகில் உள்ளதை உண்ணுதல் என மூன்று செய்திகளைச் சுருக்கமாகக் கற்பித்தனர். அன்று முதல் தாம் அவ்வாறே உண்டு வந்ததாக உமர் (ரலி) கூறியது புகாரீ, முஸ்லிம் இரண்டிலும் உள்ளது. செய்யாதே என்பதைவிடச் செய்ய வேண்டியது இது என்று காட்டியதே இங்குப் பலன் தந்தது.

பெரியவர் ஒருவரின் அறியாமை குறித்த நிகழ்ச்சியும் இவ்விடத்தில் நினைவுகூரத் தக்கது. முஆவியா இப்னுல் ஹகம் அஸ்ஸுலமீ (ரலி) தொழுகைக்கு நடுவே பேசிவிட்டார். உடனிருந்தோர் அவரை முறைத்தனர். தொழுகை முடிந்த பின் பெருமானார் அவரைக் கடியவுமில்லை, அடிக்கவுமில்லை, ஏசவுமில்லை. தொழுகையில் மனிதப் பேச்சு தகாது என விளக்கினர். அவர்களைவிடச் சிறந்த ஆசிரியரைத் தாம் கண்டதில்லை என்று அவர் சான்று பகர்ந்ததை முஸ்லிம் பதிவு செய்துள்ளது. பெருமானார் தம் கையால் பெண்ணையோ பணியாளரையோ ஒருபோதும் அடித்ததில்லை என்னும் ஆயிஷா (ரலி) அவர்களின் செய்தியும் அதே நூலில் உள்ளது.

பத்து வயது பற்றிய ஹதீஸ்

மேற்கண்டவற்றைக் கூறும்போது எழும் வினா ஒன்று உண்டு. ஏழு வயதில் பிள்ளைகளுக்குத் தொழுகையை ஏவுமாறும், பத்து வயதில் அதற்காக அடிக்குமாறும் ஹதீஸ் வந்துள்ளதே என்பதுதான் அது. அபூதாவூதில் இடம்பெறும் இந்த ஹதீஸை மறைப்பது கல்விக்கு அழகன்று. அதனை முழுமையாக விளங்குவதே முறை.

முதலில், இக்கட்டளை நோக்குவது பிள்ளையின் பொறுப்பாளரை. அதன் விடயம் தொழுகை. இஸ்லாத்தின் தூண்களுள் ஒன்றான தொழுகைக்கே ஏழிலிருந்து பத்து வரை மூன்று ஆண்டுக் காலம் ஏவலுக்கு மட்டும் ஒதுக்கப்பட்டது. சந்திர ஆண்டுக்கு 354 நாள் எனக் கொண்டால் மூன்று ஆண்டுகளில் ஐவேளைத் தொழுகைகள் 5,310 ஆகின்றன. அதாவது ஐயாயிரத்துக்கு மேற்பட்ட நினைவூட்டல்களுக்குப் பின்னரே அடுத்த கட்டம் பேசப்படுகிறது. அக்கட்டத்திலும் காயமோ கடும் வலியோ தராததாகவும், முகத்தைத் தவிர்த்ததாகவும், பயன் தருவதாகவும் இருக்க வேண்டும் என்று சட்ட அறிஞர்கள் நிபந்தனை விதித்தனர். எழுத்தை மறந்ததற்கும், பக்கத்தில் இருப்பவனிடம் பேசியதற்கும் முதல் நாளிலேயே பிரம்பை எடுப்பவர் இந்த ஹதீஸைச் சான்றாகக் காட்ட இயலாது.

இரண்டாவதாக, தொடக்கப் பள்ளியிலும் மக்தபிலும் பயிலும் பிள்ளைகளில் மிகப் பெரும்பாலோர் பத்து வயதை அடையாதவர்கள். முதல் வகுப்புக் குழந்தைக்கு வயது ஐந்தோ ஆறோதான். தொழுகைக்காகக்கூட அடிக்க இடமில்லாத வயது அது. வேறொரு காரணத்துக்காக அவ்வயதில் அடிப்பதற்கு இந்த ஹதீஸில் எவ்வித இடமும் இல்லை என்பது தெளிவு.

கைரவானின் இரு நூல்கள்

சிறார் பள்ளிக்கூட ஆசிரியர்களுக்கென்றே தனி நூல் எழுதும் வழக்கம் முஸ்லிம்களிடையே மிகப் பழைமையானது. இன்றைய துனீசியாவிலுள்ள கைரவான் நகரில் ஹிஜ்ரி மூன்றாம் நூற்றாண்டில் வாழ்ந்த முஹம்மத் இப்னு ஸஹ்னூன் (ஹி. 202–256 / கி.பி. 817–870) எழுதிய 'ஆதாபுல் முஅல்லிமீன்' அவ்வகையில் நமக்குக் கிடைத்துள்ள மிகப் பழைய நூல்களுள் ஒன்று. 1931இல் துனிஸில் அச்சேறிய சிறு நூல் இது. இவரது தந்தையே மாலிகீ மத்ஹபின் பெருநூலான 'முதவ்வனா'வைத் தொகுத்த இமாம் ஸஹ்னூன் ஆவார்.

இந்நூல் அடிப்பதை முற்றாகத் தடுக்கவில்லை என்பதை நேர்மையுடன் குறிப்பிட வேண்டும். ஆனால் அது எத்தனை வேலிகளை எழுப்புகிறது என்பதே கவனத்திற்குரியது. அடிப்பது பிள்ளையின் நலனுக்காக இருக்க வேண்டும். ஆசிரியரின் கோபத்தைத் தணிப்பதற்காக இருத்தல் கூடாது. தந்தையின் அனுமதியின்றி மூன்றைத் தாண்டுதல் கூடாது. தலையிலும் முகத்திலும் அடித்தல் கூடாது. பிள்ளையை உணவிலிருந்தும் நீரிலிருந்தும் தடுத்தல் கூடாது. வசதி படைத்தோரின் பிள்ளையும் வறியவரின் பிள்ளையும் சமமாக நடத்தப்பட வேண்டும். பிள்ளைகளைத் தம் சொந்த வேலைகளுக்கு அனுப்புதல் கூடாது. தண்டனைக் கருவியை வாங்கும் செலவைக்கூடப் பிள்ளைகளிடமிருந்து பெறலாகாது. அது ஆசிரியரின் பணத்திலிருந்தே ஆக வேண்டும். இவ்விதிகளைத் தொகுத்துப் பார்த்தால், நூலாசிரியரின் ஐயப் பார்வை மாணவர்மீது இல்லை, கோல் ஏந்திய ஆசிரியர்மீதே உள்ளது என்பது புலனாகும்.

இப்னு ஸஹ்னூனின் சொந்தக் கல்வி பற்றிய செய்தியொன்றை வரலாற்றாசிரியர்கள் தருகின்றனர். தம் மகனை ஆசிரியரிடம் ஒப்படைத்த இமாம் ஸஹ்னூன், பாராட்டாலும் மென்மையான பேச்சாலும் அன்றி அவனை ஒழுங்குபடுத்த வேண்டாம் என்றும், அடியாலும் கடுமையாலும் திருத்தப்படும் இயல்பினன் அல்லன் அவன் என்றும் கூறினராம். அவ்வாறு பயின்ற மகனே பிற்காலத்தில் ஆசிரியர்களுக்கு ஒழுக்கநெறி நூல் எழுதினார்.

ஒன்றரை நூற்றாண்டுக்குப் பின் அதே கைரவானில் வாழ்ந்த அபுல் ஹஸன் அல்-காபிஸீ (மறைவு ஹி. 403 / கி.பி. 1012) பார்வையற்றவர், பெரும் ஹதீஸ் அறிஞர். ஆசிரியர், மாணவர் நிலைகள் குறித்து இவர் எழுதிய விரிவான நூல் ஸஹ்னூன் மகனாரின் நூலை அடியொற்றி மேலும் செல்கிறது. ஆசிரியர் தந்தையின் இடத்தில் இருப்பவர். எப்போதும் முகம் கடுத்திருத்தல் ஆகாது. அது பிள்ளைகளிடம் வெறுப்பை உண்டாக்குவதோடு, நாளடைவில் அவர்கள் அதற்குப் பழகியும் விடுவர். வரம்பின்றிச் சிரித்துப் பழகுதலும் ஆகாது. தவறு செய்தவனை முதலில் எச்சரிக்க வேண்டும், பின்னர் கண்டிக்க வேண்டும். ஒரு மாணவனைத் தண்டிக்கும் பொறுப்பை இன்னொரு மாணவனிடம் கொடுத்தல் தகாது. ஏனெனில் பிள்ளைகளிடையே பகையும் பிணக்கும் இருக்கும். கோபத்தில் இருக்கும்போது அடித்தலை இவர் தடுக்கிறார். கலீஃபா உமர் இப்னு அப்தில் அஸீஸ் ஒருவரைத் தண்டிக்க ஆணையிட்டுப் பின்னர் விட்டுவிடச் சொன்னதையும், தம் உள்ளத்தில் கோபம் இருப்பதைக் கண்டதே அதற்குக் காரணம் என அவர் கூறியதையும் எடுத்துக்காட்டுகிறார். கோபத்தில் இருக்கும் நீதிபதி தீர்ப்பளிக்கலாகாது என்பது நபிமொழி. வகுப்பறையில் வழக்குத் தொடுப்பவர், சாட்சி, நீதிபதி, தண்டனை நிறைவேற்றுபவர் ஆகிய நால்வரும் ஆசிரியர் ஒருவரே. ஆகவே அவ்விதி அவருக்கு இன்னும் கடுமையாகப் பொருந்துகிறது.

கஸ்ஸாலியும் இப்னு கல்தூனும்

இமாம் கஸ்ஸாலி (ரஹ், ஹி. 450–505 / கி.பி. 1058–1111) 'இஹ்யா உலூமித்தீன்' நூலில் சிறார்களைப் பயிற்றுவிப்பது குறித்துத் தனிப் பகுதி ஒன்று அமைத்துள்ளார். பிள்ளையிடம் நற்செயல் ஒன்று வெளிப்பட்டால் அதனைப் பிறர் அறியப் பாராட்ட வேண்டும் என்கிறார். தவறு ஒன்று ஒருமுறை நிகழ்ந்தால் கண்டும் காணாதது போல் இருந்துவிட வேண்டும். குறிப்பாக, பிள்ளை அதனை மறைக்க முயலும்போது திரையைக் கிழித்தல் ஆகாது. ஏனெனில் அதற்குள் இன்னும் நாணம் உயிரோடு இருக்கிறது. அம்பலப்படுத்தினால் அந்த நாணம் போய்த் துணிவு வந்துவிடும். மீண்டும் நிகழ்ந்தால் தனிமையில் கண்டிக்க வேண்டும். அடிக்கடி கண்டித்தால் கண்டனமே பிள்ளைக்குச் சாதாரணமாகிச் சொல்லின் எடை குறைந்துவிடும்.

விளையாட்டைப் பற்றி அவர் கூறுவது இன்றைய ஆசிரியர்களும் பெற்றோரும் கருத்தூன்றத் தக்கது. பாடசாலையிலிருந்து திரும்பியபின் நல்ல விளையாட்டுக்கு அனுமதிக்க வேண்டும். விளையாட்டைத் தடுத்து ஓயாது படிப்பில் வருத்தினால் உள்ளம் மடியும், அறிவு மழுங்கும், படிப்பிலிருந்து தப்புவதற்குப் பிள்ளை சூழ்ச்சி தேடத் தொடங்கும் என்பது அவரது கணிப்பு. பள்ளி விட்டதும் மக்தப், மக்தப் விட்டதும் தனிப்பயிற்சி வகுப்பு என்று இரவு வரை ஓடும் நம் பிள்ளைகளை எண்ணிப் பார்க்க வேண்டும்.

டமாஸ்கஸிலும் கெய்ரோவிலும் காழியாக விளங்கிய பத்ருத்தீன் இப்னு ஜமாஆ (ஹி. 639–733 / கி.பி. 1241–1333) மாணவரைத் திருத்துவதற்குப் படிவரிசை ஒன்றை வகுத்தார். முதலில் பெயர் சுட்டாத பொதுக் குறிப்பு. பயனில்லையெனில் தனிமையில் அறிவுரை. அதன் பின்னரே வெளிப்படையான கண்டிப்பு. மாணவர்களின் பெயர்களை அறிந்திருத்தல், வராதவரைப் பற்றி விசாரித்தல் ஆகியவற்றையும் ஆசிரியரின் கடமைகளுள் சேர்த்தார்.

இவ்வனைவரின் சிந்தனையையும் சமூகவியல் நோக்கில் முடித்துவைத்தவர் இப்னு கல்தூன் (ஹி. 732–808 / கி.பி. 1332–1406). மாணவர்மீது, சிறப்பாகச் சிறுவர்மீது, கடுமை காட்டுதல் கேடு பயக்கும் என்பதற்கு 'முகத்திமா'வில் தனி அத்தியாயமே எழுதினார். அடக்குமுறையில் வளர்பவனின் உள்ளம் சுருங்குகிறது, ஊக்கம் போகிறது, சோம்பல் வருகிறது. கை ஓங்கப்படும் என்னும் அச்சத்தால் அவன் உள்ளே ஒன்றும் வெளியே ஒன்றுமாக நடக்கக் கற்கிறான். பொய்யும் சூழ்ச்சியும் முதலில் தற்காப்பாகத் தொடங்கிப் பின்னர் இயல்பாகவே படிந்துவிடுகின்றன. தன்னைக் காத்துக்கொள்ளவும் பிறரைச் சார்ந்தே நிற்கும் மனிதனாகிறான். அடக்கி ஆளப்பட்ட சமுதாயங்களுக்கும் இதுவே நேர்ந்தது என்று அவர் வகுப்பறையிலிருந்து நாடுகளுக்குச் செல்கிறார். பிரம்பு உண்மையைக் கற்பிக்க எடுக்கப்படுகிறது. அது கற்பிப்பதோ பொய். இவ்வுண்மையை ஆறு நூற்றாண்டுகளுக்கு முன்பே அவர் கூறிவிட்டார்.

சட்ட நூல்கள் கூறும் முடிவு

தமிழக முஸ்லிம்களில் பலர் பின்பற்றும் ஷாஃபியீ மத்ஹபின் நூல்களில் ஆசிரியரின் தண்டனை குறித்து முக்கியமான விதி ஒன்று உண்டு. பிள்ளையை அடிக்கும் அதிகாரம் ஆசிரியருக்கு இயல்பாக உரியதன்று. அது பொறுப்பாளரின் அனுமதியிலிருந்து வருவது. அவ்வனுமதியும் விளைவு பாதுகாப்பாக அமைய வேண்டும் என்னும் நிபந்தனைக்கு உட்பட்டது. அடியால் பிள்ளைக்குக் கேடு நேர்ந்தால் ஆசிரியர் ஈடு செய்யக் கடமைப்பட்டவர். தந்தை அனுமதித்தார் என்பதோ நல்ல நோக்கத்தோடு அடித்தேன் என்பதோ அவரை விடுவிக்காது.

இதைவிடக் கூர்மையான முடிவு ஒன்றை 'அறிஞர்களின் சுல்தான்' எனப் போற்றப்பட்ட இஸ்ஸுத்தீன் இப்னு அப்திஸ்ஸலாம் (மறைவு ஹி. 660 / கி.பி. 1262) தம் 'கவாயிதுல் அஹ்காம்' நூலில் தருகிறார். கடுமையாக அடித்தாலன்றித் திருந்தாத சிறுவனை என்செய்வது என்னும் வினாவை அவர் எழுப்பிக்கொள்கிறார். கடுமையான அடி ஆகுமானதன்று, அது துன்பம். மெல்லிய அடி பயன் தராது. பயன் தராத ஒன்றுக்கு அனுமதியும் இல்லை. ஏனெனில் திருத்துதல் என்னும் நோக்கத்திற்காக மட்டுமே மெல்லிய அடி அனுமதிக்கப்பட்டிருந்தது. எனவே இரண்டுமே விழுந்துவிடுகின்றன என்பது அவரது தீர்வு.

இத்தீர்வை இன்றைய மக்தபில் பொருத்திப் பார்க்கலாம். ஒரு பிள்ளை மெல்லிய அடியால் திருந்தும் எனில், அத்தகைய பிள்ளை பெரும்பாலும் ஒரு சொல்லாலேயே திருந்தக்கூடியது, அடி தேவையற்றது. சொல்லால் திருந்தாத பிள்ளையோ பெரும்பாலும் மெல்லிய அடிக்கும் அசைவதில்லை. அதற்கு மேல் செல்ல ஷரீஅத் அனுமதிக்கவில்லை. ஆக, நூலில் எஞ்சியிருக்கும் அனுமதிக்கு நடைமுறையில் இடம் மிக அரிது. இந்த முடிவுக்கு வர நமக்கு அயல் கல்விக் கொள்கை எதுவும் தேவைப்படவில்லை. நம் சொந்த நூல்களே போதுமானவை.

நாட்டின் சட்டம்

இந்தியா 1992இல் ஏற்றுக்கொண்ட ஐ.நா. குழந்தை உரிமைகள் உடன்படிக்கை (1989), பள்ளி ஒழுங்குமுறை குழந்தையின் கண்ணியத்திற்கு இசைந்திருக்க வேண்டும் என்கிறது. 2000ஆம் ஆண்டு டிசம்பரில் தில்லி உயர்நீதிமன்றம் பள்ளிகளில் உடல் தண்டனையை அனுமதித்த விதியைச் செல்லாது என்றது. 2009ஆம் ஆண்டின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு உடல் தண்டனையையும் மன உளைச்சல் தருவதையும் சேர்த்தே தடை செய்தது.

2012ஆம் ஆண்டின் திருத்தம் மதரஸாக்களையும் வேத பாடசாலைகளையும் இச்சட்டத்தின் வரம்பிலிருந்து விலக்கியது. 2014இல் உச்சநீதிமன்றம் சிறுபான்மைப் பள்ளிகளுக்கு இச்சட்டம் பொருந்தாது என்றது. இவ்விலக்கு நம் நிறுவனங்களின் தனித்தன்மையைக் காப்பதற்கானது; அடிப்பதற்கு வழங்கப்பட்ட உரிமம் அன்று. 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டத்தின் 75ஆம் பிரிவு, தம் பொறுப்பிலுள்ள குழந்தையைத் தாக்கித் தேவையற்ற துன்பத்திற்கு உள்ளாக்குவோருக்கு மூன்றாண்டு வரை சிறைத் தண்டனை விதிக்க வழிசெய்கிறது. அதில் மக்தபுக்கு விலக்கு எழுதப்படவில்லை. சட்டத்திற்கு அஞ்சி அடிக்காமல் இருப்பதைவிட, அல்லாஹ்வுக்கு அஞ்சி அடிக்காமல் இருப்பது நமக்கு அழகு.

பிரம்புக்கு மாற்றாக

அடிக்கக் கூடாது என்று கூறிவிட்டு நிறுத்திக்கொள்வது ஆசிரியரைக் கைவிடுவதாகும். ஓராசிரியர், முப்பது நாற்பது பிள்ளைகள், ஒரு மணி நேரம் என்பதே பல மக்தபுகளின் நிலை. ஒருவன் அலிஃப், பா எழுத்துகளில் இருப்பான். இன்னொருவன் அம்ம ஜுஸ்வில் இருப்பான். மற்றொருவன் குர்ஆனைப் பாதி முடித்திருப்பான். ஒவ்வொருவராக முன்வந்து பாடம் கொடுக்கும்போது மற்றவர்கள் காத்திருக்கின்றனர். ஆறு வயதுப் பிள்ளை அரை மணி நேரம் வேலையின்றி அமர்ந்திருந்தால் பக்கத்தில் இருப்பவனைச் சீண்டத்தான் செய்யும். இதனை ஒழுக்கக் கேடு என்று நாம் பெயரிடுகிறோம்; உண்மையில் இது ஏற்பாட்டின் குறை. ஏற்பாட்டின் குறைக்குப் பிள்ளையின் முதுகு பொறுப்பாகாது.

எனவே முதல் மருந்து, பிள்ளைகளைப் பாட நிலைக்கேற்பக் குழுக்களாகப் பிரித்தல். ஒரு குழு சேர்ந்து ஓத, ஒரு குழு எழுத, ஒரு குழு ஆசிரியரிடம் பாடம் கொடுக்கலாம். பிள்ளைகள் ஒருவருக்கொருவர் சொல்லி எழுதச் செய்வதை இப்னு ஸஹ்னூனும் அனுமதித்தார். அது அவர்களுக்கே பயன் என்றார். ஆனால் எழுதியதை ஆசிரியர் சரிபார்க்க வேண்டும் என்றும் சேர்த்துக்கொண்டார். கற்பிப்பதில் மாணவன் துணை நிற்கலாம். தண்டிப்பதில் துணை நிற்கலாகாது. பேசியவர்களின் பெயரைக் கரும்பலகையில் எழுதும் பொறுப்பை வகுப்புத் தலைவனிடம் ஒப்படைக்கும் வழக்கம் காபிஸீ அஞ்சிய அதே பகைமையைத்தான் வளர்க்கிறது.

இரண்டாவது, விதிகள் சிலவாகவும் தெளிவாகவும் இருக்க வேண்டும். ஒருவர் ஓதும்போது மற்றவர் செவிமடுத்தல், பிறர் பொருளைக் கேட்டு எடுத்தல், கையாலும் நாவாலும் யாரையும் நோகடியாதிருத்தல் போன்ற மூன்று நான்கு விதிகள் சிறுவர்களுக்குப் போதும். அவை ஆசிரியருக்கும் பொருந்த வேண்டும். நாவால் நோகடியாதே என்று கற்பித்துவிட்டு, மக்கு என்றும் கழுதை என்றும் அழைக்கும் ஆசிரியரின் விதியை எந்தப் பிள்ளையும் மதிக்காது.

மூன்றாவது, பாராட்டு குறிப்பானதாக இருத்தல் வேண்டும். நல்ல பையன் என்பது பொதுச் சொல். அதனால் பிள்ளை எதையும் கற்பதில்லை. இன்று 'ஐன்' எழுத்தைத் தொண்டையிலிருந்து சரியாக உச்சரித்தாய், கீழே விழுந்த தம்பியைக் கைகொடுத்துத் தூக்கினாய் என்று செயலைச் சுட்டிப் பாராட்டினால் அச்செயல் மீண்டும் நிகழும்.

நான்காவது, தவறுக்கும் திருத்தத்திற்கும் பொருத்தம் இருத்தல். குப்பை போட்டவன் அதனை எடுக்க வேண்டும். கிழித்தவன் ஒட்டிக் கொடுக்க வேண்டும். மனம் நோகச் செய்தவன் மன்னிப்புக் கேட்க வேண்டும். இதில் பிள்ளை தன் செயலின் விளைவைக் காண்கிறது. முட்டி போடவைத்தலும், வெயிலில் நிறுத்துதலும், உணவு இடைவேளையை மறுத்தலும், கழிப்பறை செல்லத் தடுத்தலும் எதையும் சரிசெய்வதில்லை. வெறும் இழிவையே தருகின்றன. இவற்றோடு இன்னொன்றையும் சேர்த்துக் கூற வேண்டும். தண்டனையாக ஒரு சூராவைப் பத்து முறை எழுதச் செய்வதும், கூடுதல் ரக்அத் தொழச் செய்வதும் சில இடங்களில் வழக்கத்தில் உள்ளன. நோக்கம் நல்லதாகத் தோன்றலாம். ஆனால் இறைவாக்கையும் இறைவணக்கத்தையும் பிள்ளையின் மனத்தில் தண்டனையோடு முடிச்சுப் போடும் செயல் இது. அம்முடிச்சை அவிழ்ப்பது பின்னாளில் எளிதன்று.

ஐந்தாவது, காரணம் கேட்டல். சுப்ஹுக்குப் பின் வெறும் வயிற்றோடு வரும் பிள்ளை, நாள் முழுதும் பள்ளியில் இருந்துவிட்டு மாலையில் சோர்ந்து வரும் பிள்ளை, வெளிநாட்டிலுள்ள தந்தையை ஆண்டுக்கொரு முறை காணும் பிள்ளை, எழுத்துகள் மாறி மாறித் தெரியும் குறைபாடுடைய பிள்ளை, சரியாகக் காது கேளாத பிள்ளை என நம் முன் அமர்ந்திருப்போர் பலர். இவர்கள் எல்லோரும் செய்வது வெளிப்பார்வைக்கு ஒரே தவறாகத் தோன்றும். ராஃபிஉ (ரலி) அவர்களிடம் கேட்கப்பட்ட அந்த ஒரு வினாவை நாமும் கேட்டால் பாதிச் சிக்கல் அவிழ்ந்துவிடும். மீதிப் பாதிக்குப் பெற்றோரை அழைத்துப் பேச வேண்டும். அப்பேச்சு புகாராகத் தொடங்காமல், பிள்ளையிடம் கண்ட நல்லது ஒன்றோடு தொடங்குதல் நன்று.

அரபுக் கல்லூரிகளின் கடமை

ஏழாண்டு ஓதி ஆலிம் பட்டம் பெற்று வெளியேறும் இளைஞர் பலருக்கு முதற் பணியே ஒரு பள்ளிவாசலின் மக்தப்தான். வாரிசுரிமையின் நுணுக்கங்களையும் நஹ்வின் சிக்கல்களையும் கற்ற அவருக்கு, ஆறு வயதுப் பிள்ளைகள் நாற்பது பேரை அமைதிப்படுத்தும் வழியைப் பல கல்லூரிகள் ஒரு பாடவேளையில்கூடக் கற்பிப்பதில்லை. தாம் சிறுவயதில் கண்ட வழியையே அவர் கையாள்கிறார். அவரை மட்டும் குறை கூறுதல் நீதியன்று. இப்னு ஸஹ்னூனின் சிறுநூலும், இஹ்யாவின் அந்தப் பகுதியும், முகத்திமாவின் அந்த அத்தியாயமும் இறுதியாண்டில் பாடமாக வைக்கப்படுதல் வேண்டும். அவற்றோடு குழந்தை உளவியலின் அடிப்படைகளும், தேர்ந்த ஆசிரியர் ஒருவரின் மக்தபில் சில வாரப் பயிற்சியும் சேர்ந்தால் நிலைமை மாறும். ஜமாஅத் நிர்வாகிகளும் ஓர் உஸ்தாதிடம் எத்தனை பிள்ளைகளை ஒப்படைப்பது என்பதற்கு வரம்பு வகுத்து, அவரது ஊதியத்தையும் மதிப்புக்குரியதாக்க வேண்டும். வறுமையும் களைப்பும் பொறுமையைத் தின்றுவிடும்.

குர்ஆனை முதன்முதலில் தொடும் விரல்கள் நம் மக்தபுகளில்தான் தொடுகின்றன. அந்த முதல் தொடுதலோடு ஒரு பிள்ளையின் நினைவில் எது சேர்ந்திருக்கும் என்பது ஆசிரியரின் கையில் உள்ளது. வளர்ந்தபின் வேதத்தைத் திறக்கும்போதெல்லாம் வலி நினைவுக்கு வருமானால், அவ்வமானிதத்தைப் பற்றிய கணக்கை நாம் மறுமையில் சொல்லியாக வேண்டும். கனிவு நினைவுக்கு வருமானால், அவர் ஓதும் ஒவ்வோர் எழுத்தின் நன்மையிலும் நமக்குப் பங்குண்டு. இரண்டாவது வழியில் நடக்க ஆசிரியர்களுக்கும் பெற்றோர்களுக்கும் வல்ல அல்லாஹ் தவ்ஃபீக் செய்வானாக. ஆமீன்.